வெயில் ஊசி

தாரிகாவுக்குப் பன்னிரண்டு வயதில் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்தது. சில கிழமைகளாகவே போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்தாள். பள்ளிச் சீருடை தோளில் தொங்கும் அளவுக்கு மெலிந்தாள். ஒரு நாள் வகுப்பில் மேசையில் தலையைச் சாய்த்தவள் எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மா சிவமணி டொக்டரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டுக்கொண்டு நின்றாள். தன் பிள்ளை பிழைப்பாளா என்று கேட்கிறாளாக்கும் என்று தாரிகா நினைத்தாள்.

"இதை வெளியில ஆருக்கும் சொல்லவேண்டிய அவசியம் இருக்கோ, டொக்டர்?" என்றுதான் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்துக்காவது கட்டாயம் சொல்ல வேண்டும் என்றார் அவர். சிவமணி பள்ளிக்கூடத்துக்கும் சொல்லவில்லை.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடியின் இரண்டாம் தளத்தில் அவர்கள் இருந்தார்கள். அப்பா கனகசபாபதி வங்கியில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரை போட்டவர், வீட்டில் எந்தக் கதை நடந்தாலும் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பாரே தவிரத் திரும்ப மாட்டார். வீட்டுக்குள் வெயில் வராது. யன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவரும் அதில் பாசி பிடித்த குழாய்களும்தான் தெரியும்.

ஒரே பிள்ளை, பெண் பிள்ளை, அதிலும் தீராத வருத்தம். சிவமணி அந்த மூன்றையும் கூட்டிப் பார்த்து அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள் போலிருக்கிறது. வருத்தம் வெளியில் தெரியக்கூடாது. வெளியில் தெரிவது நன்றாக இருக்க வேண்டும். தாரிகா அம்மாவைப் போல நல்ல நிறம். அந்த நிறத்தைச் சிவமணி பாலைச் சட்டியில் மூடி வைப்பதுபோலக் காப்பாற்றினாள். விளையாட்டுப் போட்டிக்கு அனுமதி இல்லை. பஸ் தரிப்பிடம் வரைக்கும் குடை, முழங்கை தாண்டிய கை வைத்த சட்டை. மரைன் டிரைவில் நடப்பதென்றால் பொழுதுபட்ட பிறகுதான்.

ஊசி போடுவதும் அப்படியே மறைவில் நடந்தது. கலியாண வீடென்றால் சாப்பாட்டுக்கு முன் சிவமணி மகளின் கையைப் பிடித்து மண்டபத்துக் கழிப்பறைக்குக் கூட்டிப் போவாள். கொண்டி உடைந்த கதவை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்வாள். உள்ளே தரை முழுக்கத் தண்ணீர், அது என்ன தண்ணீர் என்று யோசிக்காமலிருக்க வேண்டும். பட்டுப்பாவாடையை ஒரு கையால் தூக்கி இடுப்பில் செருகி, பேனை மாதிரியான அந்த ஊசியின் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மூலையில் நிரம்பி வழியும் குப்பை வாளியைப் பார்க்காமல் தாரிகா வயிற்றில் குத்திக்கொள்வாள். இன்சுலினுக்கு ஒரு வாடை உண்டு. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரரும் ஆஸ்பத்திரித் தரை கழுவும் தண்ணீரும் கலந்த மாதிரி. அந்த வாடையும் கழிப்பறை நாற்றமும் மூக்குக்குள் ஒன்றாக ஏறும். பிறகு வெளியே வந்து, பந்தியில் இருந்து, வாழையிலையில் விழும் பாயசத்தைப் பார்க்க வேண்டும்.

பதினைந்து வயதுக்குப் பிறகு அவள் ஏமாற்றத் தொடங்கினாள். உள்ளே போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவாள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், மத்தியான ஊசி பல நாள் போடப்படவே இல்லை. ஒரு தரம் இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல விட்டுவிட்டாள். பழுத்த பழம் மாதிரி மூச்சு நாறியது. ஓடிவந்தவள் போல மூச்சு வாங்கினாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்துதான் மீண்டாள். அந்தத் தரம் ஊராருக்குச் சொன்னது, நஞ்சான சாப்பாடு.

இருபத்து நான்கு வயதில் அவள் கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலைக்கு இருந்தாள். விடிய நூறாம் நம்பர் பஸ்ஸில் போனால் குளிரூட்டிய அறைக்குள் இருந்து பொழுதுபட வெளியே வருவாள். அந்த ஆண்டுதான் அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் டொக்டர் ஜவாத் அவளுடைய சிறுநீர்ப் பரிசோதனைப் பெறுபேற்றை இரண்டு தரம் பார்த்தார். அம்மாவையும் உள்ளே வரச் சொன்னார்.

சிறுநீரகத்தில் கசிவு தொடங்கியிருக்கிறது என்றார். இரத்தத்தில் நிற்க வேண்டிய புரதம் மிகக் கொஞ்சமாகச் சிறுநீரோடு போகிறது. இந்த வருத்தம் சின்ன வயதில் வந்தவர்களில் சிலருக்கு இப்படி ஆகும், சீனியைக் கட்டுக்குள் வைக்காதவர்களுக்குக் கூடுதலாக ஆகும். நேரத்தோடு பிடித்ததால் மறிக்கலாம். அதற்கு நாளுக்கு ஒன்று விழுங்க ஒரு சின்னக் குளிசை எழுதினார். இன்னொன்றும் சொன்னார். அவளுடைய இரத்தத்தில் விற்றமின் டி மிகக் குறைவாக இருந்தது.

"இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில எங்க ஒளிச்சிருந்தீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். தாரிகா அம்மாவைப் பார்த்தாள். அம்மா நிலத்தைப் பார்த்தாள்.

அதனால்தான் சிறுநீரகம் பழுதானதா என்று தாரிகா கேட்டாள். டொக்டர் சிரிப்பை நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னார். "இந்த விற்றமின் குறைஞ்ச ஆக்களுக்குக் கிட்னி கசியிறது கூடுதலா இருக்கு, அதப் பாத்திருக்கிறாங்க. இதால அது வந்ததா, அதால இது வந்ததா எண்டு இன்னும் நிச்சயமாச் சொல்ல ஏலாது. குறைஞ்சத அளவா நிரப்புவம், எலும்புக்கும் அது வேணும். ஆனா உங்கட கிட்னியக் காப்பாத்தப் போறது ஒழுங்கா இன்சுலின் போடுறதும் இந்தக் குளிசையும்தான். விற்றமின்ன நம்பி இத விட்டுறாதீங்க."

பஸ்ஸில் வரும்போது சிவமணியின் முகம் தெளிந்திருந்தது. டொக்டர் சொன்ன அவ்வளவிலும் அவளுக்குப் பிடித்த சொல் ஒன்றே ஒன்றுதான். விற்றமின். சீனி வருத்தம் என்று சொல்லக் கூடாது, கிட்னி என்று சொல்லவே கூடாது. விற்றமின் குறைவு என்று யாருக்கும் சொல்லலாம், அது பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கும் வருவது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தம்பிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

தம்பி ராகுலன் ஒரு காலத்தில் காணி வாங்கி விற்றவன். பிறகு வெளிநாட்டுக்கு மாணவர் விசா எடுத்துக் கொடுத்தான். அதுவும் பிசகிப் போனதும் காலி வீதியில் ஒரு சேலைக் கடைக்கு மேலே அறையெடுத்து, உடம்பு மெலிவதற்கென்று ஒரு தூள் விற்றான். அந்த அறைக்குள் எப்போதும் பன்னீர் வாசமும், பின்கட்டில் அவன் சாப்பிட்டுவிட்டு மூடாமல் வைத்த கருவாட்டுக் குழம்பின் வாசமும் ஒன்றாக அடிக்கும். யாரோடு கதைத்தாலும் தொட்டுத்தான் கதைப்பான். தோளில் கை, தலையில் கை, வயது போனவர்கள் என்றால் கன்னத்தில் கை. சிறு வயதிலிருந்தே தாரிகாவுக்கு அந்தக் கைகளைக் கண்டால் உடம்பு கூசும். எப்போதும் ஈரமாக இருக்கும் கைகள்.

அக்கா சொன்னதைக் கேட்ட ராகுலன் ஒரு கிழமை தொலைபேசியில் காணொளிகள் பார்த்தான். அடுத்த கிழமை அவன் எல்லாம் தெரிந்தவனாகிவிட்டான். சீனி வருத்தம், கிட்னி வருத்தம், மூட்டு நோ எல்லாவற்றுக்கும் மூலம் வெயில் இல்லாமைதான் என்றான். இந்தியாவிலிருந்து வரும் எண்ணெய் மாதிரியான விற்றமின் மருந்தைப் பெரிய அளவில் எடுப்பித்து, முன்பு மருந்துக் கடையில் நின்ற றெஜி என்பவனை ஊசி போட வைத்தான். வந்து போனவர்கள் அதற்கு வெயில் ஊசி என்று பெயர் வைத்தார்கள். ராகுலனுக்கு அந்தப் பெயர் பிடித்துப்போய்ப் பலகையிலும் எழுதுவித்தான்.

முதல் ஊசி மருமகளுக்கு, அக்காவின் மகள் தாரிகாவுக்கு.

தாரிகா மாட்டேன் என்றாள். டொக்டர் அளவாக என்றுதான் சொன்னவர் என்றாள். சிவமணி சாப்பிடாமல் படுத்தாள். கனகசபாபதி தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், மாமா கெடுதலுக்கா சொல்கிறார் என்று கேட்டார். அந்த நேரம் லண்டனிலிருந்து ஒரு சம்பந்தம் பேச்சில் இருந்தது. மாப்பிள்ளையின் தமக்கை ஒரு நாள் வீட்டுக்கே வந்து கைப்பைகள் இருக்கும் இடம், குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் பார்வையால் தடவிவிட்டுப் போயிருந்தாள். அவள் வருவதற்கு முன் இன்சுலினைத் தோசைமாவுச் சட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்கள். அவள் போன பிறகு அன்று மாலையே சிவமணி மகளின் கைப்பையிலிருந்து கிட்னிக் குளிசையை எடுத்துக் குப்பையில் போட்டாள்.

"கொஞ்ச நாளைக்குத்தானே, பிள்ளை. மாமான்ர ஊசியில கிட்னி சரியாகிடும். ஆராவது இந்தப் பெயரை வாசிச்சுப் பாத்தா எங்கட கதி என்ன?"

அம்மாவும் மாமாவும் வற்புறுத்தியதால் மட்டும் அவள் அந்தப் படிக்கட்டில் ஏறினாள் என்றும் சொல்ல முடியாது. அவளுக்கும் ஆசை இருந்தது. கிழமைக்கொரு ஊசியில் எல்லாம் முடிந்துவிட்டால், கழிப்பறை வேண்டாம், ஒளிப்பு வேண்டாம், பாயசத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம் என்ற ஆசை. றெஜி இடுப்பில் ஊசியைக் குத்தும்போது மாமா திரைக்கு இந்தப் பக்கம் நின்று வேறொரு வாடிக்கையாளரிடம், உள்ளே இருப்பது தன் சொந்த மருமகள் என்று சொல்வது கேட்கும். தன் ஆசையை நினைக்கவே அவளுக்குப் பிறகு அருவருப்பாக இருந்தது.

கிளினிக்குக்கு அவள் போகவில்லை. போனால் டொக்டர் குளிசையைப் பற்றிக் கேட்பார்.

இரண்டு மூன்று மாதத்தில் சாப்பாடு வெறுத்தது. சோற்றைக் கண்டால் ஓங்காளித்தது. எந்த நேரமும் தாகம், எந்த நேரமும் சலம் கழிக்கும் அவசரம். வயிறு கல்லுப்போல இறுகி நாட்கணக்காக வெளியே போகாது. அலுவலகத்தில் கணினித் திரையைப் பார்த்தபடியே, தான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதை மறந்துபோய் இருந்துவிடுவாள். சீனி கூடிவிட்டதென்று நினைத்து விரலைக் குத்திப் பார்ப்பாள், அது அவ்வளவு மோசமாக இராது. மாமாவிடம் சொன்னபோது அவன் முகமெல்லாம் சிரிப்பாகி, உள்ளே இருக்கிற நஞ்செல்லாம் வெளியேறுகிறது, அதுதான் இந்தப் பிரட்டல் என்றான். அந்தக் கிழமை ஊசியின் அளவைக் கூட்டினார்கள்.

இதற்கிடையில் ராகுலனுக்கு வெள்ளவத்தை போதாமல் போய்விட்டது. கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபம் எடுத்து, சீனி வருத்தம் உள்ள பிள்ளைகளின் தாய் தகப்பனுக்கு இலவச விளக்கக் கூட்டம் என்று அறிவித்தான். அதற்குத் தாரிகா வரவேண்டும் என்றான். சிவமணி பதறிப்போனாள். இத்தனை காலம் கட்டிக் காத்ததை மேடையில் போட்டு உடைப்பதா? ராகுலன் அக்காவின் தோளைத் தடவினான்.

"அங்க வாறது எங்கட ஆக்கள் இல்லை, அக்கா. ஆறுமாட்டியில வேலை செய்யிறதுகள், தோட்டப் பக்கமிருந்து வந்ததுகள். அதுகளுக்கு எங்கட வீடு வாசல் தெரியவோ போகுது?"

ஆறுமாட்டி என்று அவன் சொன்னது கொச்சிக்கடைப் பக்கத்துத் துறைமுகக் களஞ்சியங்களை. சிவமணிக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது. தாரிகா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று அதைக் கேட்டாள். மறுத்துக் கதைக்க உடம்பில் தென்பு இல்லை.

கூட்டம் ஒரு சனிக்கிழமை முற்பகல். மண்டபத்துக்குள் மின்விசிறிகள் சூட்டையே சுழற்றின. பிளாஸ்டிக் கதிரைகளில் தாய்மாரும் பிள்ளைகளும் நெருக்கியடித்து இருந்தார்கள். பல பிள்ளைகளின் கழுத்தெலும்பு துருத்தியிருந்தது. தாரிகாவை மேடையில் ஒரு கதிரையில் இருத்தியிருந்தார்கள். அம்மா தன் கையாலேயே முகத்துக்குப் பவுடர் பூசி விட்டிருந்தாள். ராகுலன் வெள்ளைக் குர்த்தாவில் ஒலிவாங்கியோடு நடந்து நடந்து கதைத்தான். டொக்டர் ஜவாத் சொன்ன அதே சொற்களில் பாதி அவன் வாயிலிருந்து வந்தது. சீனி வருத்தமுள்ள இளம் பிள்ளைகளில் கிட்னி கசிபவர்களுக்கு விற்றமின் டி குறைவாக இருக்கிறது என்பது வரைக்கும் சரியாகச் சொன்னான். அதற்கு மேல் வந்ததெல்லாம் அவனுடைய சரக்கு.

"இந்தப் பிள்ளைக்குக் கிட்னி கசிஞ்சு கொண்டிருந்தது. இப்ப ஒரு சொட்டுக் கசிவு இல்லை," என்று அவளைக் காட்டினான். அவளுக்கு ஒரு பரிசோதனையும் செய்யப்படவில்லை. சனம் அவளைப் பார்த்தது. கைதட்டியது.

முன் வரிசையில் இருந்த ஒரு பெண் எழும்பினாள். பெயர் பழனியம்மா என்று சொன்னாள். ஹற்றன் தேயிலைத் தோட்டப் பக்கத்திலிருந்து வந்து, அடுக்குமாடியொன்றில் படிக்கட்டுக் கூட்டுகிறவள். பக்கத்தில் அவளுடைய மகள் சுபாஷினி, பதின்மூன்று வயதிருக்கும், தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பழனியம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஐயா, இந்த ஊசிய போட்டா எம்புள்ளைக்கி அந்த இன்சுலின நிப்பாட்டிரலாங்களா? நாலு நேரமும் குத்தி குத்தி புள்ள அழுவுது."

ராகுலன் மேடையிலிருந்து இறங்கிப் போனான். சுபாஷினியின் கன்னத்தைத் தன் ஈரக் கையால் தட்டினான். "ஏன் ஏலாது? உடம்பு வெயிலைப் பிடிச்சிட்டுதெண்டா இன்சுலினை மெல்ல மெல்லக் குறைச்சுக் கொண்டு போய் நிப்பாட்டலாம். இண்டைக்கே தொடங்குவம்."

தாரிகாவுக்கு அந்த நேரம் மூக்கில் பழுத்த பழத்தின் வாடை வந்தது. பள்ளிக் காலத்தில் ஊசியை விட்டபோது தன் சொந்த மூச்சில் அடித்த அதே வாடை. அந்தச் சின்னப் பெண்ணின் மெலிந்த கழுத்தையும், கன்னத்தில் இருந்த மாமாவின் விரல்களையும் பார்த்தாள். எழும்ப நினைத்தாள். எழும்புவதற்குள் மேடையிலேயே, மேசை விரிப்பிலும் அவன் அடுக்கி வைத்திருந்த மருந்துப் பெட்டிகளிலும் தன் சேலையிலுமாக, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தாள்.

சனம் மூக்கைப் பொத்தியது. முன் வரிசைக் கதிரைகள் பின்னுக்கு இழுபட்டன. சிவமணி ஓரத்தில் நின்று, மகளிடம் வராமல், யாராவது படம் எடுக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாள். தாரிகா அதைக் கண்டாள். மேசையில் கிடந்த இன்னொரு ஒலிவாங்கியை எடுத்தாள். வாயைத் துடைக்கவும் இல்லை.

"என்ர பெயர் தாரிகா. இவர் என்ர அம்மான்ர தம்பி. நான் இண்டைக்குக் காலமையும் இன்சுலின் போட்டுட்டுத்தான் இதில வந்து இருக்கிறன். என்ர கிட்னிக்கு ஒருத்தரும் ஒண்டும் சோதிக்கேல்ல. பழனியம்மா, பிள்ளைக்கு இன்சுலினை நிப்பாட்டாதேங்கோ. நிப்பாட்டினா பிள்ளை செத்துப்போகும். எனக்குத் தெரியும், நான் நிப்பாட்டிப் பாத்தனான்."

அதற்குள் யாரோ ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள். ராகுலன் சிரித்தபடியே, பிள்ளைக்கு வெக்கை ஒத்துக்கொள்ளவில்லை, நஞ்சு வெளியேறும்போது இப்படித்தான் பிதற்றுவார்கள் என்றான். அதை நம்பினவர்களும் இருந்தார்கள். சிலர் எழும்பிப் போனார்கள். சிலர் ஊசி எங்கே போடுவது என்று றெஜியிடம் கேட்டார்கள். தாரிகா படியில் கால் வைக்க முயன்று அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். கண் மங்கியது.

பழனியம்மாதான் தண்ணீர்ப் போத்தலோடு வந்தாள். தாரிகாவின் முகத்தையும் கழுத்தையும் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். வெளியில் நின்ற ரிப்கான் என்ற பொடியனின் முச்சக்கர வண்டியில் அவளைத் தூக்கி ஏற்றி, தானும் மகளும் ஏறிக்கொண்டார்கள். சிவமணி கடைசி நேரத்தில் ஓடிவந்து ஏறினாள். வண்டிக்குள்ளும் தாரிகா சத்தி எடுத்தாள், இந்தத் தரம் பழனியம்மாவின் மடியில். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சிவமணி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது நோயாளர் விடுதி டொக்டர் ஓடிப்போய் டொக்டர் ஜவாத்தைக் கூப்பிட்டார். இரத்தத்தில் கல்சியம் உச்சிக்கு ஏறியிருந்தது. விற்றமின் டி அளவுக்கு மீறினால் நடப்பது அது. கல்சியம் சிறுநீரகத்தைப் போட்டு அடித்திருந்தது. முன்பு சின்னதாகக் கசிந்த சிறுநீரகம் இப்போது வேலையையே குறைத்துவிட்டிருந்தது.

எவ்வளவு ஊசி, எவ்வளவு காலம் என்று டொக்டர் கேட்டார். தாரிகா சொன்னாள். அவர் பேனையை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தார். சிவமணியின் பக்கம் திரும்பினார்.

"குறைஞ்சா குற்றம், கூடினா அதவிடக் குற்றம். இந்த விற்றமின் கொழுப்பில போய் ஒளிச்சிருக்கும். ஊசிய நிப்பாட்டினாலும் மாசக் கணக்கா உள்ள இருந்து வந்துகொண்டே இருக்கும். நான் எழுதின குளிசை எங்க?"

தாரிகாதான் குப்பையில் என்றாள்.

சேலைன் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். கல்சியத்தை இறக்கக் கொடுத்த மருந்து சீனியை மேலே தூக்கியது. அதை இறக்க இன்சுலினைக் கூட்டினார்கள். கைகள் இரண்டும் ஊசிக் காயங்களால் நீலம் பாரித்தன. பக்கத்துக் கட்டில் சிங்களப் பெண்ணொருத்தி அவளை நங்கி, நங்கி என்று தங்கையாகவே கூப்பிட்டு, தன் போர்வையை அவள் காலுக்குப் போட்டுவிட்டாள். பார்க்க வந்த சொந்தக்காரர்களைச் சிவமணி விடுதி வாசலிலேயே மறித்து, டெங்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு இரத்தத் தட்டணு குறைஞ்சு போச்சு என்று கணக்கும் சொன்னாள். தாரிகா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அந்தச் சுவரில் யாரோ துடைத்த பழைய சளி காய்ந்து கிடந்தது. அதைப் பார்ப்பது பரவாயில்லைப் போலிருந்தது.

ராகுலன் மூன்றாம் நாள் செவ்விளநீரோடு வந்தான். கட்டிலின் கால்மாட்டில் இருந்துகொண்டான். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னேனே, நீ குடிக்கவில்லை என்றான். பிறகு குனிந்து, போர்வைக்கு மேலால் அவள் பாதத்தைத் தடவியபடி, டொக்டர்மாரிடம் தன் பெயரையும் கடையையும் சொல்ல வேண்டாம், குடும்ப மானம் ஒன்று இருக்கிறதல்லவா என்றான்.

"காலை விடுங்கோ மாமா," என்றாள் அவள்.

அவன் விடாமல் சிரித்தான்.

"கையை எடுங்கோ. எனக்கு உங்களைப் பாக்கச் சத்தி வருது."

அவள் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் தாதி வந்து, நோயாளி களைப்பாக இருக்கிறா, வெளியே போங்கள் என்று அவனை அனுப்பினாள். செவ்விளநீரைத் தாரிகா தொடவில்லை. துப்புரவு செய்ய வந்தவள் எடுத்துக்கொண்டு போனாள்.

டொக்டர் அழைத்து வந்த சுகாதார அதிகாரிகளிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பெயர், இடம், றெஜி, அளவு, மண்டபம். ராகுலனின் அறை பூட்டப்பட்டது. கொஞ்ச காலத்தில் நாலைந்து கடை தள்ளி வேறொரு பெயரில் திறந்தது. இப்போது அங்கே வெயிலைப் பற்றிக் கதையே இல்லை. தோலை வெள்ளையாக்க நரம்பில் மருந்து ஏற்றுகிறார்கள். விளம்பரத்தில் ஒரு பெண்ணின் முகம் பாதி கறுப்பாகவும் பாதி வெள்ளையாகவும் இருக்கிறது. சிவமணியும் அங்கே போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறாள் என்று பிறகு தெரிந்தது. தம்பி இலவசமாகச் செய்கிறானாம்.

லண்டன் மாப்பிள்ளைக்குத் தாரிகாவே தொலைபேசி எடுத்தாள். வருத்தம், கிட்னி, ஊசி, அம்மா சொன்ன டெங்கு வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் மரியாதையாகக் கேட்டான், கவனமாக இருங்கோ என்றான். பிறகு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. சிவமணி மகளோடு கதைப்பதை நிறுத்தினாள். சோற்றைப் போட்டு மேசையில் வைப்பாள், தலையைத் திருப்பிக்கொள்வாள். கனகசபாபதி ஒரு நாள், ஒருவரும் இல்லாத நேரம், மகளுடைய அறை வாசலில் வந்து நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். மாமா ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருகிறார், நீ அறைக்குள் இருந்துகொள்வது நல்லது என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே அவள் ஒரு பையோடு இறங்கிவிட்டாள். அலுவலகத்தில் கூட வேலை செய்யும் பெண்ணொருத்தி கொட்டாஞ்சேனையில் அறையெடுத்து இருந்தாள், பாதி இடம் கொடுத்தாள். மாடியில் தகரக் கூரை போட்ட அறை, சமையலுக்கு ஒரு மூலை, எதிர்க் கூரைகளில் உடுப்புக் காயும். கழிப்பறை கீழ்த் தளத்தில் மூன்று குடும்பத்துக்கும் பொது. அதை அவள் தன் கையாலேயே தேய்த்துக் கழுவினாள்.

சிறுநீரகம் பெரும்பாலும் மீண்டது. முழுதாக மீளவில்லை. கல்சியம் இறங்க மாதங்கள் ஆயின. அந்தக் காலம் முழுக்க விற்றமின் டியின் பெயரே அவளுக்குத் தடை. எங்கே ஒளித்திருந்தீர்கள் என்று சிரித்த அதே டொக்டர், இப்போதைக்கு வெயிலிலும் கொஞ்சம் கவனம் என்றார். கசிவு, முதன்முதல் கண்டபோது இருந்ததைவிடக் கூடுதலாகவே நிற்கிறது. சின்னக் குளிசை பெரிய குளிசையாகிவிட்டது. இதை எவ்வளவு காலத்துக்கு இழுத்துப் பிடிக்கலாம் என்று அவள் கேட்டபோது, நீங்கள் ஒழுங்காக இருந்தால் நெடுங்காலம் என்றார். நெடுங்காலம் என்றால் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை.

பழனியம்மாவும் சுபாஷினியும் அதே கிளினிக்குக்குத்தான் வருகிறார்கள். கூட்டத்துக்கு முந்திய கிழமையே, அறிவித்தலைக் கேட்டுவிட்டு மகளின் இன்சுலினில் பாதியைக் குறைத்துவிட்டிருந்ததாகப் பழனியம்மா ஒரு நாள் கிளினிக் வாங்கில் பக்கத்தில் அமர்ந்தபடி தாழ்ந்த குரலில் சொன்னாள். "அன்னிக்கி நீங்க சொல்லலேன்னா முழுசா நிப்பாட்டிருப்பேன்மா." நிப்பாட்டின வேறு தாய்மார் யாராவது இருப்பார்களோ என்று தாரிகாவுக்கு அடிக்கடி யோசனை வரும். அதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

போன மாதம் டொக்டர் ஜவாத் ஒரு கேள்வியோடு வந்தார். இளம் நீரிழிவாளர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு நாள் நிகழ்ச்சி வைக்கிறோம், நீங்கள் வந்து உங்கள் கதையைச் சொன்னால் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும் என்றார். மேடை, ஒலிவாங்கி எல்லாம் ஒழுங்கு என்றார். அவர் நல்ல மனிதர், அவள் உயிரைக் காப்பாற்றியவர். ஆனாலும் மேடை என்ற சொல்லைக் கேட்டதும் அவள் பையைத் தோளில் மாட்டினாள்.

"மன்னிச்சுக் கொள்ளுங்கோ டொக்டர். என்னை இனி ஒருத்தரும் ஒண்டுக்கும் காட்ட வேண்டாம்."

அவர் சரி என்று தலையை ஆட்டினார். அவளுடைய அடுத்த பரிசோதனைத் திகதியை எழுதிக் கொடுத்தார். வெளியே வாங்கில் சுபாஷினி தொலைபேசியில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தாள். தாரிகாவைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டாள். அவர்கள் சுபாஷினியின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கதைத்தார்கள், கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை யாரையோ பழிக்கிறாள் என்பதைப் பற்றி. மத்தியானம் ஆனதும் பழனியம்மா பாண் ரொட்டிப் பொதியைப் பிரித்தாள். தாரிகா ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டாள்.